ட்ரோம்சோவில் கப்பல் நிற்கும் ஒரு நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நார்வேயின் வடபகுதியில், ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி ஏறத்தாழ 350 கி.மீ. வடக்கே, ஒரு தீவின் மேல் எழுந்திருக்கும் துறைமுக நகரம் ட்ரோம்சோ. நார்வேயின் வடபகுதிக் கடலைச் சுற்றிவரும் சொகுசுக் கப்பல்களில் பல இங்கே ஒரு நாள் நிற்கின்றன. பயணிக்குக் கரையில் கிடைப்பது பெரும்பாலும் எட்டு அல்லது பத்து மணி நேரம்தான். அந்த நேரத்தை வீணாக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் ட்ரோம்சோவில் நடப்பவை அல்ல. பயணச்சீட்டு வாங்கும்போதே வீட்டில் நடந்துவிடுபவை.

முதலாவது, பருவத்தைக் குழப்பிக்கொள்வது. விளம்பரங்களில் ட்ரோம்சோ என்றாலே பச்சை நிறத் துருவ ஒளி வானத்தில் நெளியும் படம்தான் இருக்கும். ஆனால் மே 20 முதல் ஜூலை 22 வரை இங்கே சூரியன் மறைவதே இல்லை. ஆகஸ்டின் பெரும்பகுதியிலும் வானம் போதிய அளவு இருட்டாவதில்லை. துருவ ஒளியைப் பார்க்க விரும்புகிறவர் செப்டம்பருக்கும் ஏப்ரல் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் வர வேண்டும், அப்போதும் மேகம் விலகினால்தான் காட்சி கிடைக்கும். நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டியும் குளிர்காலத்துக்கே உரியது. ஹெர்ரிங் மீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு ஓர்கா திமிங்கலங்களும் கூன்முதுகுத் திமிங்கலங்களும் இப்பகுதிக் கடலுக்கு வருவது நவம்பர் முதல் ஜனவரி வரைதான். பனிக்கரடியோ எந்தப் பருவத்திலும் இங்கே கிடையாது. அது வாழ்வது இன்னும் வெகு வடக்கே இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில்; ட்ரோம்சோவில் காணக் கிடைப்பது அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்த கரடி மட்டுமே. கோடையில் வருகிறவர் இவற்றையெல்லாம் மனத்திலிருந்து அகற்றிவிட்டு நள்ளிரவுச் சூரியனுக்காக வந்தால் ஏமாற்றத்துக்கு இடமில்லை.

உடையிலும் இதே குழப்பம் தொடர்கிறது. ஆர்க்டிக் என்றவுடன் பயந்து ஜூலை மாதத்தில் பனிமலைக்குரிய தடித்த கோட்டைச் சுமந்து வருகிறவர்களும் உண்டு, சூரியன் மறையாத ஊர்தானே என்று பருத்திச் சட்டையோடு இறங்குகிறவர்களும் உண்டு. ஜூலையில் இங்கே சராசரி வெப்பநிலை 12 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். வெயில், தூறல், கடற்காற்று மூன்றும் ஒரே பிற்பகலில் வந்து போகும். தோலை ஒட்டி மெல்லிய கம்பளி, அதன் மேல் ஒரு ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என்று அடுக்கடுக்காக அணிவதே சரியான வழி. ஜீன்ஸ் நனைந்தால் அன்று முழுவதும் காயாது. புடவையிலேயே வர விரும்பும் பெரியவர்கள் உள்ளே கம்பளிக் காற்சட்டையும் காலில் நல்ல பிடிப்புள்ள ஷூவும் போட்டுக்கொண்டால் சிரமமில்லை. செருப்பு மட்டும் வேண்டாம். குளிர்காலத்தில் நடைபாதை கண்ணாடிபோல் உறைந்துவிடுவதால் காலணிக்கு அடியில் மாட்டும் முள்பட்டை இல்லாமல் இறங்கவே கூடாது. அது உள்ளூர்க் கடைகளிலேயே கிடைக்கும்.

விசா விஷயத்தில் கவனக்குறைவு இருந்தால் மொத்தப் பயணமும் கெடும். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்றாலும், பல ஐரோப்பிய நாடுகள் ஒரே விசாவில் சென்றுவர இணைந்திருக்கும் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. ஆகவே இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குப் பொதுவாக ஷெங்கன் விசா வேண்டும். ஆனால் ஸ்வால்பார்ட், நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்டதாக இருந்தும் ஷெங்கன் பகுதிக்கு வெளியே இருக்கிறது. கப்பல் ட்ரோம்சோவிலிருந்து ஸ்வால்பார்டின் லாங்கியர்பியென் சென்று மறுபடியும் நார்வே நிலப்பகுதிக்குத் திரும்புமானால், அது சட்டப்படி வெளியேறி மீண்டும் நுழைவதாகவே கணக்கிடப்படும். ஒருமுறை நுழைவு விசா அங்கே போதாது. இங்கிலாந்தின் துறைமுகத்தில் தொடங்கி அங்கேயே முடியும் பயணமாக இருந்தால் அந்நாட்டு விசாவையும் தனியாகக் கவனிக்க வேண்டும். பயண முகவர் சொன்னார் என்பதோடு நிறுத்தாமல், கப்பல் நிற்கும் ஊர்களின் வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எல்லைத் தாண்டலையும் எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து, கப்பல் எங்கே கட்டப்படும் என்பதைப் பாராமல் திட்டமிடுவது. ட்ரோம்சோவில் பயணிக் கப்பல்களுக்கு இரண்டு இடங்கள் உள்ளன. ப்ரோஸ்ட்னெசெட் என்பது நகரின் நடுவே இருக்கும் துறை. அங்கே இறங்கினால் சில நிமிட நடையில் கடைத்தெருவான ஸ்டூர்காட்டாவை அடைந்துவிடலாம். பெரிய கப்பல்கள் பெரும்பாலும் நிற்பது நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 4 கி.மீ. வடக்கே சரக்குத் துறைமுகமாகவும் இயங்கும் பிரைவிக்காவில். அங்கிருந்து நடந்தால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், ஷட்டில் பேருந்து உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதை முந்தைய நாளே கப்பலில் கேட்டுவிட வேண்டும். காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்குவதால் முதல் ஒரு மணி நேரம் பேருந்து வரிசை நீளும்.

நகருக்குள் பெரும்பாலோர் போவது இரண்டே இடங்களுக்கு: 1965-இல் கட்டப்பட்ட, முக்கோண வடிவில் வெண்மையாக நிற்கும் ஆர்க்டிக் கதீட்ரல் தேவாலயம், அதற்குப் பின்னால் மலையேறும் கேபிள் கார். இரண்டும் தீவில் இல்லை. நீரிணைக்கு அப்பால் ட்ரோம்ஸ்டாலன் பகுதியில் இருக்கின்றன. 1960-இல் திறக்கப்பட்ட, ஒரு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும் நீளமுள்ள பாலத்தை நடந்து கடக்கலாம், அது இனிமையான நடையும்கூட. ஆனால் நடுப்பாலத்தில் காற்று குடையை மடக்கிவிடும். பாலம் கடந்து தேவாலயத்தைச் சேர்வதற்கு ஏறத்தாழ அரை மணி நேரமும், அங்கிருந்து கேபிள் கார் நிலையத்துக்கு மேலும் கால் மணி நேரமும் ஒதுக்க வேண்டும். தேவாலயம் வழிபாடு நடக்கும் இடம் என்பதால் திருமணம், இறுதிச் சடங்கு நாட்களில் பார்வையாளர்களுக்கு மூடப்படும். வரைபடத்தில் ‘கதீட்ரல்’ என்று தேடி நகர மையத்தில் இருக்கும் மஞ்சள் நிற மரத் தேவாலயத்துக்குப் போய் நிற்கிறவர்களும் உண்டு. உண்மையில் பேராயத்துக்குரிய கதீட்ரல் 1861-ஐச் சேர்ந்த அந்த மரக் கட்டடம்தான். பாலத்துக்கு அப்பால் இருப்பது ஒரு பங்குக் கோயில்.

கேபிள் கார் கடல்மட்டத்திலிருந்து 421 மீட்டர் உயரத்தில் உள்ள ஸ்டூர்ஸ்டைனன் விளிம்புக்குச் சில நிமிடங்களில் கொண்டுசேர்க்கும். தவறு எங்கே நேர்கிறதென்றால், அதைக் கடைசியாக வைத்துக்கொள்வதில். பலத்த காற்று அடித்தால் கேபிள் கார் நின்றுவிடும், இரண்டு கப்பல்கள் ஒரே நாளில் வந்திருந்தால் மேலே போகவும் இறங்கவும் நீண்ட வரிசை நிற்கும். எனவே வானம் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து முதல் வேலையாக அங்கே போவதே உசிதம். வரிசைக்கு அஞ்சி, நேபாளத்து ஷெர்பாக்கள் கட்டிய 1,200-க்கும் மேற்பட்ட கற்படிகளில் ஏறிவிடலாம் என்று நினைப்பவர்கள் தங்கள் முழங்காலையும் கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். பனி இருக்கும் மாதங்களில் அந்த எண்ணமே வேண்டாம்.

பிரைவிக்காவில் இறங்குகிறவர்கள் எல்லாரும் அவசரமாக நகர மையத்துக்கு ஓடுவதும் ஒரு பிழை என்றே சொல்வேன். அங்கிருந்து நடக்கும் தூரத்தில், பல்கலைக்கழகத்தை ஒட்டி, 1994 முதல் இயங்கும் ஆர்க்டிக் ஆல்பைன் தாவரவியல் பூங்கா இருக்கிறது. கட்டணம் கிடையாது, வாயிற்கதவும் கிடையாது. குளிர்ந்த, ஈரமான கோடை பிடித்துப்போய் இமயமலையின் நீல நிறப் பாப்பி மலர்கள் இங்கே கைப்பிடி அகலத்துக்குப் பூக்கின்றன. அதேபோல, மீன் தொட்டிகளைக் காட்டும் நவீனக் காட்சியகத்தைவிட, துறைமுக ஓரத்துப் பழைய சுங்கக் கிடங்கில் இயங்கும் துருவ அருங்காட்சியகம்தான் இந்த ஊரைப் புரியவைக்கும். தென்துருவத்தை முதலில் எட்டிய ருவால் அமுண்ட்சென், காணாமற்போன இத்தாலிய வான்கப்பல் குழுவினரைத் தேடி 1928 ஜூன் 18 அன்று ட்ரோம்சோவிலிருந்துதான் விமானத்தில் புறப்பட்டார். அவர் திரும்பவில்லை.

பணத்தைப் பொறுத்தவரை நார்வேயில் குரோனரே நாணயம்; யூரோவை எண்ணி வருகிறவர் தடுமாறுவார். அதற்காகக் கப்பலில் கட்டுக்கட்டாகக் குரோனர் மாற்றவும் தேவையில்லை, ஒரு காப்பிக்கும் கார்டு தட்டினால் போதும். கார்டு இயந்திரம் ‘உங்கள் நாட்டு நாணயத்திலா, குரோனரிலா’ என்று கேட்கும்போது குரோனரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் கை கடிக்கும். ஞாயிற்றுக்கிழமையில் கப்பல் நின்றால் சிறு மளிகைக் கடைகளும் நினைவுப்பொருள் கடைகளும் தவிர மற்றவை மூடியிருக்கும். தண்ணீர் பாட்டிலுக்குச் செலவழிப்பது வீண், குழாய் நீரே நன்றாக இருக்கும்.

வாங்கும் பொருளிலும் எச்சரிக்கை வேண்டும். சீல் தோலில் தைத்த காலணி, திமிங்கல இறைச்சி ஆகியவை நார்வேயில் சட்டப்படி விற்கப்படுகின்றன என்பதால் வீட்டுக்கும் கொண்டுபோகலாம் என்று பொருளல்ல. திமிங்கலங்கள் அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக உடன்படிக்கையில் அடங்கியவை. சீல் பொருட்களை அமெரிக்கா 1972 முதலே தடுத்துவருகிறது, ஐரோப்பிய ஒன்றியத்திலும் கடும் கட்டுப்பாடு உண்டு. இப்பகுதியின் பழங்குடியினரான சாமி மக்களின் ரெயின்டீர் முகாமுக்குச் செல்கிறவர்கள், உங்களிடம் எத்தனை மான்கள் என்று கேட்டுவிடக் கூடாது, அது ஒருவருடைய வங்கி இருப்பைக் கேட்பதாகவே கொள்ளப்படும். அவர்களைப் பழைய ‘லாப்’ என்ற பெயரால் குறிப்பிடுவதும் இழிவானது. விமான நிலையம் தீவிலேயே இருப்பதாலும், நிலையத்திலிருந்து 5 கி.மீ. சுற்றளவில் அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடத் தடை இருப்பதாலும், அந்தக் கருவியைக் கப்பலிலேயே விட்டுவரலாம்.

இறுதியாக, நேரம். கோடையில் மாலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, உடலும் நேரத்தை உணர்த்தாது. இங்கிலாந்திலிருந்து வந்த கப்பல் சில சமயம் தன் கடிகாரத்தை உள்ளூருக்கு மாற்றாமலே வைத்திருக்கும், செல்பேசியோ தானாக ஒரு மணி நேரம் தள்ளிக் காட்டும். எனவே கப்பல் நேரம் எது, கடைசியாக ஏற வேண்டிய நேரம் எது என்பதை இறங்கும்போது வாசலில் இருக்கும் பலகையைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, கைக்கடிகாரம் ஒன்றையே நம்புவது பாதுகாப்பு. கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தனியாகப் போனவருக்காகக் காத்திருக்காது. பாஸ்போர்ட்டின் நகலையும் துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணையும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கப்பலைத் தவறவிட்டவர் சொந்தச் செலவில் அடுத்த துறைமுகத்தை எட்ட வேண்டும். அது ஹொன்னிங்ஸ்வோகாக இருந்தால் சாலை வழியே சுமார் 500 கி.மீ., ட்ரோம்சோவிலிருந்து ரயிலும் கிடையாது.