பழங்காசில் போரையும் அதிகாரத்தையும் வாசிப்பது எப்படி

பழங்காசு ஒன்று கைக்கு வந்தால், அதைப் புளி போட்டுத் தேய்க்கவே கூடாது. கருப்பேறிய மேற்பரப்போடு சேர்ந்து, பழைய அச்சின் மேல் புது அச்சு விழுந்ததற்கான மெல்லிய கோடுகளும் அழிந்துவிடும். நாம் தேடும் அரசியல் பல சமயம் அந்தக் கோடுகளில்தான் இருக்கிறது. அடுத்ததாக, இது என்ன விலை பெறும் என்ற எண்ணத்தை ஒதுக்கிவிட்டு, இதை அச்சிட்டவர் யாருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது என்று கேட்டுப் பழக வேண்டும். பண்டைய பேரரசுகளின் செலவில் பெரும்பங்கு படைக்கே போனதால், பெரும்பாலான காசுகளுக்கு இந்தக் கேள்வியே சரியான நுழைவாயில்.

தலையைப் பார்த்ததோடு நிறுத்தாமல் பூப் பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். கி.மு. 32–31இல் ரோமானியத் தளபதி மார்க் ஆண்டனி அச்சிட்ட தெனாரியஸ் என்னும் ரோமானிய வெள்ளிக் காசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தில் துடுப்புகளை வரிசையாக நீட்டிய போர்க்கப்பல்; மறுபக்கத்தில் இரண்டு படைக்கொடிகளுக்கு நடுவே கழுகுச் சின்னம், அடியில் ஒரு படையணியின் எண். ஆண்டனியின் முகம் எங்குமே இல்லை. பின்னாளில் அகஸ்டஸ் என்ற பெயரில் பேரரசரான ஆக்டேவியனோடு இறுதி மோதலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர், சம்பளம் வாங்கும் வீரன் தன் அணியின் பெயரையே காசில் காணும்படி செய்திருக்கிறார். கி.மு. 31இல் ஆக்டியம் கடற்போரில் அவர் தோற்றபின்னும் இக்காசுகள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் புழங்கின. வெள்ளி குறைவாகக் கலந்திருந்ததால் நல்ல காசுகளைப் பதுக்கியவர்கள் இவற்றைச் செலவழித்துவிட்டார்கள். ஆகவே மிகவும் தேய்ந்த காசைக் கண்டால் பழமையை மட்டுமல்ல, உலோகத்தின் தரத்தையும் சந்தேகிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு காசைப் படைவீரராக மாற்றிக் கணக்கிடுங்கள். அகஸ்டஸ் காலத்தில் சாதாரணப் படையணி வீரனின் ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ். 5,000 பேர் கொண்ட ஒரு படையணிக்கு ஆண்டுக்குப் பதினொரு லட்சத்துக்கும் மேல் வேண்டும். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால், கி.பி. 64இல் பேரரசர் நீரோ ஒரு ரோமானிய ராத்தல் வெள்ளியிலிருந்து 84க்குப் பதிலாக 96 தெனாரியஸ் அச்சிட வைத்ததும், பின்வந்த பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் வீரர்களின் சம்பளத்தை உயர்த்திய அதே ஆட்சியில் காசின் வெள்ளியைப் பாதியளவுக்கு இறக்கியதும் ஒரே நெருக்கடியின் முகங்களாகத் தெரியவரும்.

என்னை மிகவும் கவர்ந்த சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. 1906இல் நாசிக் அருகே ஜோகல்தெம்பியில் 13,000க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. எல்லாமே மேற்கு இந்தியாவை ஆண்ட சத்ரப மன்னன் நகபானன் வெளியிட்டவை: முன்புறம் அவன் தலையும் கிரேக்க எழுத்துகளும், பின்புறம் அம்பும் இடியாயுதமும். அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், தக்காணத்தை ஆண்ட சாதவாகன மன்னன் கௌதமிபுத்திர சாதகர்ணி தன் முத்திரையை மீண்டும் குத்தியிருக்கிறான். இத்தகைய காசைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். மூன்று வளைவுகள் கொண்ட மலைச்சின்னத்துக்கு அடியிலிருந்து தோற்றவனின் மூக்கும் நெற்றியும் எட்டிப் பார்க்கும். மறுபுறம், கூட்டல் குறியின் நான்கு முனைகளிலும் வட்டம் வைத்த உஜ்ஜயினிச் சின்னத்தின் வட்டங்களுக்கு இடையே பழைய எழுத்துகள் அறுந்து நிற்கும். உருக்கி வார்க்க நேரமும் விறகும் வேண்டும். முத்திரை குத்த ஓர் அச்சும் சுத்தியலும் போதும். புழக்கத்தில் இருந்த பணத்தை முடக்காமலே ஆட்சி மாறியதை ஒவ்வொரு கைக்கும் அறிவிக்க இதைவிட விரைவான வழி அந்நாளில் இருந்திருக்காது. கௌதமிபுத்திரன் க்ஷகராத குலத்தை வேரறுத்தான் என்று அவன் தாய் கௌதமி பாலஸ்ரீயின் நாசிக் கல்வெட்டு சொல்கிறது. நகபானன் அந்தக் குலத்தவன். கல்வெட்டு வென்றவரின் குடும்பம் சொன்னது. அதைக் காசோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிவதுதான் இங்கே நமக்குக் கிடைத்த பேறு.

எழுத்தையும் கவனிக்க வேண்டும்; அதிகாரம் எந்த மொழி பேசுவோரிடம் பேச முயன்றது என்பதை அது காட்டக்கூடும். பின்வந்த சாதவாகனர்கள் தலை பொறித்த வெள்ளிக் காசில் ஒரு பக்கம் பிராகிருதமும் மறுபக்கம் தமிழுக்கு நெருங்கிய திராவிட மொழியும் பொறித்தார்கள்.

கடைசியாக, காசு கிடைத்த இடம். புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இடம் தெரியாமல் கை மாறிய காசு பாதி ஊமையாகிவிடும் என்பதால், சட்டம் இல்லாவிட்டாலும் இதைச் செய்யத்தான் வேண்டும். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளை நினைத்துப் பாருங்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியோ கத்தியோ போட்ட ஆழமான வெட்டு இருக்கிறது. ரோமில் படைக்குச் சம்பளமாகப் போயிருக்கக்கூடிய அந்த முகம் இங்கே காசாகச் செல்லாது, பொன்னாக மட்டுமே செல்லும் என்று யாரோ ஒவ்வொன்றாக எடுத்து வைத்து வெட்டியிருக்கிறார்கள் என்றே நான் அந்த வெட்டை வாசிக்கிறேன்.