வீட்டாரின் விருப்பங்களைப் பேரேட்டில் ஏற்றுவது எப்படி

செட்டிநாட்டு வீடுகளில் எழுதி வைக்காத பொருள் குறைவு. மகளுக்குக் கொடுத்த வெண்கலப் பானையிலிருந்து எவர்சில்வர் கரண்டி வரை சாமான் பட்டியலில் ஏறியிருக்கும். பாத்திரத்தின் விளிம்பில் குடும்பத்தின் விலாசம், அதாவது பெயரின் முதலெழுத்துகள், வெட்டப்பட்டிருக்கும். எந்தத் திருமணத்துக்கு யார் எவ்வளவு மொய் எழுதினார் என்பது அறுபது ஆண்டுகள் கழித்தும் நோட்டைப் புரட்டினால் கிடைக்கும். ஆனால் அந்தப் பானையில் காலமெல்லாம் சமைத்தவருக்கு என்ன பிடிக்கும் என்று எழுதிய ஏட்டை நான் எந்த வீட்டிலும் கண்டதில்லை.

என் அப்பத்தா மறைந்து ஓராண்டு நிறைந்த நாளில், அவருக்குப் பிடித்ததைச் செய்து இலையில் படைக்க வேண்டும் என்று பேசியபோது, வெள்ளைப் பணியாரம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். அதற்குத் தொட்டுக்கொள்ள அவர் விரும்பியது வரமிளகாய்த் துவையல் என்று பெரியப்பாவும், இல்லை, வெறும் சர்க்கரைதான் என்று அத்தையும் உறுதியாகச் சொன்னார்கள். இரண்டையும் வைத்துப் படைத்தோம். மறுநாள் காரைக்குடிக் கடைத்தெருவில் ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கினேன். அதில் மூன்று ஆண்டுகளாக எழுதிவரும் முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

நோட்டு தைத்த கட்டுடையதாக இருக்கட்டும். தாள்களைக் கழற்றக்கூடிய கோப்பு வேண்டாம். ஒருவர் பெயருக்குக் குறைந்தது நான்கு பக்கங்களை ஒதுக்குங்கள். ஒவ்வொரு வரியிலும் சொன்ன நாள், பொருள், அதன் அளவு அல்லது பக்குவம், யார் கையால் அல்லது யாருடன், எந்தப் பருவத்தில் என்ற ஐந்தும் இடம்பெற வேண்டும். 'அத்தைக்குக் காபி பிடிக்கும்' என்பது பதிவே ஆகாது. 'விடிகாலையில், கசப்புச் சற்றுத் தூக்கலாக, பித்தளை டவராவில், முகப்புத் திண்ணையில் தனியாக அமர்ந்து' என்று எழுதினால்தான், நாளை ஒருவர் அதே காபியை அவர் கையில் கொடுக்க முடியும். விருப்பம் என்பது பொருளின் பெயரில் இருப்பதைவிட அதைச் சூழ்ந்துள்ள இந்த விவரங்களில்தான் பெரும்பாலும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கேட்கும் முறைதான் இதில் கடினமானது. 'உங்களுக்கு என்ன பிடிக்கும்?' என்று பெரியவர்களிடம் நேராகக் கேட்டால், 'எனக்கென்னப்பா, குடுத்ததச் சாப்பிட்டுக்குவேன்' என்ற பதில்தான் வரும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் இலை போட்டுக்கொண்ட பெண்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை என்பதால், அவர்களுக்குச் சொல்லவும் பழக்கமில்லை. ஆகவே நோட்டை மூடி வைத்துவிட்டு, சின்ன வெங்காயம் உரிக்கும்போது அருகே அமர்ந்து, 'லீவுக்கு உங்க ஆயா வீட்டுக்குப் போனா என்ன செஞ்சு தருவாக?' என்று கேளுங்கள். பேச்சு தானாக ஊறும். விருந்துகளில் எதை இரண்டாம் முறை வாங்கிக்கொள்கிறார்கள், எதை இலையின் ஓரத்தில் கடைசிக் கவளத்துக்கென்று ஒதுக்குகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். இரவில், மறக்கும் முன் எழுதிவிடுங்கள்.

உணவைப் பதியும்போது அளவுகளில் தயவு பார்க்காதீர்கள். 'கண்ணளவு', 'கையளவு' என்று அவர்கள் சொல்வதை அப்படியே ஏற்றால், பத்து ஆண்டுகளில் அது பொருளற்ற சொல்லாகிவிடும். அவர்கள் பயன்படுத்தும் அதே டம்ளரை அல்லது உழக்கை எடுத்து, அதில் தண்ணீர் நிரப்பி, அளவுக்குவளையில் ஊற்றி எத்தனை மில்லி என்று குறியுங்கள். நான்கு உழக்கு ஒரு படி என்பது வாய்பாடு. ஆனால் சமையலறையில் 'உழக்கு' என்று வழங்கும் பாத்திரம் வீட்டுக்கு வீடு மாறும். வெள்ளைப் பணியாரத்துக்கு எங்கள் வீட்டில் உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அந்த அரிசியின் மேலேயே உளுந்தைக் கோபுரமாக, சரியாமல் நிற்கும் அளவுக்குக் குவிப்பார்கள். இரண்டையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய்போல் ஆட்டி, உப்புடன் சிட்டிகை சர்க்கரையும் சிறிது பாலும் விட்டுக் கரைத்து, புளிக்கவிடாமல், மிதமான சூட்டில் எண்ணெயில் ஒவ்வொரு கரண்டியாக ஊற்றி, சிவக்கும் முன்னே எடுத்துவிட வேண்டும். உளுந்து குறைந்தால் பணியாரம் கெட்டியாகும். கூடினால் எண்ணெய் குடிக்கும். கோபுரத்தின் அளவு கைக்குக் கை வேறுபடுவதால், அப்பத்தாவிடம் பழகிய என் சித்தி குவித்த உளுந்தைத் தனியே நிறுத்து, கிராமில் எழுதி வைத்திருக்கிறேன்.

பர்மாவுடன் நடந்த வணிகத்தின் வழியே நம் ஊர்களில் நிலைத்த கவுனரிசி என்ற கறுப்பரிசியும் இப்படித்தான். அதை இரவே ஊறவைப்பதும், குழைய வேகவைப்பதும், அரிசி முழுதாக வெந்த பிறகே சர்க்கரை சேர்ப்பதும் பொதுவான செய்முறை. முன்பே சேர்த்தால் அரிசி அதற்குமேல் மெத்தென்று ஆகாது. அதை எழுத வேண்டியதில்லை, எந்தச் சமையல் நூலிலும் இருக்கும். தேங்காய்ப்பூ உள்ளே கலக்கப்பட வேண்டுமா, மேலே தூவப்பட வேண்டுமா, நெய் எவ்வளவு, சூடாகவா ஆறியதா என்று அந்த ஒருவர் விரும்பியதை எழுதுங்கள். அவர் சொல்லும் முறை நூலில் உள்ளதற்கு மாறாக இருந்தால் திருத்தாதீர்கள்.

புத்தகங்களைப் பொறுத்தவரை, தலைப்பை மட்டும் கேட்டு நிறுத்துவது பிழை. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்களுடன் திருமண அழைப்பிதழ்களும் துண்டறிக்கைகளும் இருந்தன. 1992-ல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிய அந்தத் திரட்டு, இன்று சென்னையில் அவர் பெயரிலுள்ள ஆராய்ச்சி நூலகமாக இயங்குகிறது. அவர் காட்டிய வழியில், புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்திருக்கும் பஸ் டிக்கெட், ஓரத்தில் பென்சிலால் போட்ட கோடு, முதல் பக்கத்தில் கொடுத்தவர் எழுதிய வரி ஆகியவற்றைப் படமெடுத்து ஒட்டிவிடுங்கள். எழுத்து வாசிக்காத பெரியவர்களிடம் 'என்ன கேட்டீர்கள்?' என்று வினவ வேண்டும். 1939-ல் சா. கணேசன் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகத்தின் பங்குனி விழாக்களில் அமர்ந்து கேட்டே இராமகாதையின் காட்சிகளை மனத்தில் வைத்திருப்பவர்கள் இங்கே உண்டு. எங்கள் தெருவில் ஒரு ஆச்சி குகன் வரும் இடத்தைச் சொல்லும்போது குரல் தழுதழுப்பார்; அவர் பெயருக்கு எதிரே 'பிடித்த நூல்' என்ற இடத்தில் அதுதான் ஏறியிருக்கிறது.

பாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்யலாம், ஆனால் அனுமதி கேட்ட பிறகே. தாலாட்டு என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அதில் அம்மான், அத்தை என்று வரும் உறவுகளின் இடத்தில் அந்த வீட்டுப் பெயர்களே கலந்திருக்கும். யாருக்குப் பாடியது, எந்தப் பெயர் யாருடையது என்று எழுதாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது புரியாது.

சினிமாவை இடத்திலிருந்து தொடங்குங்கள். ஏ.வி. மெய்யப்பன் நாற்பதுகளில் காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தா என்ற இடத்தில் ஸ்டுடியோ அமைத்திருந்தார். 1947-ல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுக்கப்பட்டது. எண்பதைக் கடந்தவர்களிடம் அந்த ஸ்டுடியோவைப் பற்றி வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டால், பிடித்த படம், உடன் போன தோழி, திரும்பிவந்த மாட்டு வண்டி எல்லாம் வரிசையாக வரும். நடிகர் பெயரைக் கேட்டுத் தொடங்கினால் ஒரே சொல்லில் முடிந்துவிடும்.

அன்றாட சுகங்களை யாரும் விருப்பம் என்று எண்ணிச் சொல்வதில்லை. நீங்களே கண்டு எழுத வேண்டும். கோடை மதியத்தில் என் அப்பச்சி பாயை ஒதுக்கிவிட்டு, வளவின் (முற்றத்தைச் சுற்றிய உள்கூடத்தின்) வடகிழக்கு மூலையில் ஆத்தங்குடித் தரைக்கல்லின் குளிர்ச்சியில் வெறும் தரையிலேயே படுப்பார். தலைக்கு மட்டும் மடித்த துண்டு. நைந்த கண்டாங்கிச் சேலையைத் தவிர வேறு எதையும் போர்த்திக்கொள்ள அத்தை சம்மதிப்பதில்லை. மழைநாளில் முற்றத்துத் தகரத்தில் விழும் ஓசைக்காகவே சித்தப்பா வானொலியை நிறுத்திவிடுவார். இவற்றுக்கு இடமும் நேரமும் குறிப்பது மிக அவசியம்.

குழந்தைகளுக்கும், சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருப்பவர்களுக்கும் பக்கம் திறந்துவிடுங்கள். ஊருக்கு வந்ததும் முதலில் எதைத் தேடுகிறார்கள் என்பதே அவர்களின் முதல் வரியாக இருக்கட்டும். விருப்பம் மாறினால் பழைய வரியை அடிக்க வேண்டாம். கணக்கில் செய்வதுபோல் புது நாளிட்டுக் கீழே எழுதுங்கள். மறைந்தவர்களைப் பற்றி இருவர் இரண்டு விதமாகச் சொன்னால், சொன்னவர் பெயருடன் இரண்டையும் ஏற்றி, மூன்றாவதாக ஒருவரைத் தேடுங்கள். பெரும்பாலும் அது உறவினராக இராது, கூடமாட வேலை செய்தவராக இருக்கும். அப்பத்தாவின் பக்கத்தில் துவையல் ஒரு வரியாகவும் சர்க்கரை ஒரு வரியாகவும் நிற்கின்றன. அவருக்கு முப்பது ஆண்டுகள் மாவு ஆட்டித் தந்தவர் இப்போது தேவகோட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று போன வாரம் தெரிந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டுடன் அங்கே போகிறேன்.