முதல் வினாப்பட்டியல்: ஆய்வு மாணவர்களுக்கு ஒரு செய்முறை

உளவியலோ சமூகவியலோ படிக்கும் மாணவர்களில் பலருக்கு முதல் ஆய்வு என்பது ஒரு வினாப்பட்டியல்தான். கூகுள் படிவத்தில் தோன்றியதை எல்லாம் கேட்டு, இணைப்பை நான்கு வாட்ஸ்அப் குழுக்களில் போட்டால் பதில்கள் குவிந்துவிடும். அவற்றை வைத்து என்ன சொல்வது என்று யோசிக்கும்போதுதான் தலை சுற்றும். தவறாகக் கேட்ட கேள்வியை எந்தப் புள்ளியியல் மென்பொருளாலும் பிறகு திருத்த முடியாது. ஆகவே, படிவத்தைத் திறக்கும் முன் செய்ய வேண்டியவற்றையே இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

படி 1: தலைப்பை ஆய்வு வினாவாக மாற்றுங்கள்

"மாணவர்களும் கைபேசியும்" என்பது தலைப்பு மட்டுமே. "படுக்கையில் கைபேசி பார்க்கும் நேரம் கூடக்கூட, முதலாண்டு மாணவர்களின் தூக்க நேரம் குறைகிறதா?" என்று கேட்டால் யாரை, எதை, எதனோடு சேர்த்து அளக்கிறோம் என்பது தெளிவாகிவிடும். அதை ஒரு தாளில் எழுதிக் கண்ணெதிரே வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் சேர்க்கும் ஒவ்வொரு கேள்வியும் இந்த வினாவுக்கு எதற்கு என்று கேளுங்கள். விடை இல்லையென்றால் ஈவு இரக்கமின்றி நீக்குங்கள். "இருக்கட்டும், பிறகு உதவும்" என்று சேர்ப்பவை பதில் சொல்பவரின் பொறுமையைத்தான் தின்னும்.

இன்னொன்றையும் இப்போதே மனத்தில் இருத்துங்கள். ஒரே முறை நடத்தும் கருத்தாய்வு, இரண்டு மாறிகள் (கைபேசி நேரம், தூக்க நேரம் போல நாம் அளப்பவை) சேர்ந்து மாறுகின்றனவா என்று காட்டும். எது எதற்குக் காரணம் என்று காட்டாது. தூக்கம் வராததால் கைபேசியை எடுப்பவர்களும் இருக்கிறார்கள் அல்லவா?

படி 2: ஏற்கெனவே உள்ள அளவுகோலைத் தேடுங்கள்

தூக்கம், மன அழுத்தம், தனிமை போன்றவற்றுக்குச் சோதித்துப் பார்த்த அளவுகோல்கள், அதாவது ஆயத்தமான கேள்வித் தொகுப்புகள், இருக்கின்றன. தூக்கத்துக்கு 1989இல் வெளியான பிட்ஸ்பர்க் தூக்கத் தர அளவுகோல் ஓர் எடுத்துக்காட்டு. அத்தகைய ஒன்றை எடுத்தால் உங்கள் முடிவைப் பிறர் முடிவோடு ஒப்பிடலாம். பயன்படுத்த அனுமதி தேவையா என்று பாருங்கள். மொழிபெயர்ப்பதாக இருந்தால், மூலத்தைப் பார்க்காத இன்னொருவரைக் கொண்டு அதைத் திரும்ப மூல மொழிக்குப் பெயர்த்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். கேள்விகளை உங்கள் விருப்பப்படி வெட்டி ஒட்டினால் அது பழைய அளவுகோல் ஆகாது.

படி 3: கேள்வியின் சொற்களைச் சல்லடையில் சலியுங்கள்

1974இல் உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் மாணவர்களுக்குக் கார் விபத்துக் குறும்படங்களைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். "நொறுங்க மோதியபோது" என்ற பொருளில் கேட்கப்பட்டவர்கள் சொன்ன சராசரி வேகம் மணிக்கு 40 மைலுக்கும் மேல். "தொட்டுக்கொண்டபோது" என்ற பொருளில் கேட்கப்பட்டவர்கள் சொன்னது 31.8 மைல். எல்லாரும் பார்த்தவை அதே படங்கள்தாம்; கேள்வியில் மாறியது ஒரே ஒரு வினைச்சொல்.

இப்போது ஒரு மோசமான கேள்வியைப் பிரித்துப் பார்ப்போம்: "இரவில் அதிக நேரம் கைபேசி பார்ப்பதால் உங்கள் தூக்கமும் படிப்பும் கெடுவதாக நினைக்கிறீர்களா?"

"அதிக நேரம்" ஒருவருக்கு அரை மணி, இன்னொருவருக்கு நான்கு மணி. "பார்ப்பதால்" என்ற சொல், நாம் கண்டறிய வந்த தொடர்பை முன்கூட்டியே உண்மையாக்கிவிடுகிறது. தூக்கம் கெட்டு, படிப்பு கெடாதவர் எதைத் தேர்வு செய்வார்? போதாக்குறைக்கு, "ஆம்" என்பதே நல்ல பிள்ளையின் பதில் என்று கேள்வியின் தொனி சொல்லிக்கொடுக்கிறது.

இதை மூன்றாக உடையுங்கள். நேற்றிரவு படுத்த பிறகு எத்தனை நிமிடம் கைபேசி பார்த்தீர்கள்? எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள்? எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? தொடர்பு இருக்கிறதா என்பதைப் பதில் சொல்பவரிடம் கேட்காதீர்கள். கணக்கிட்டுப் பார்ப்பது உங்கள் வேலை.

மனப்பான்மையை அளக்க, ரென்சிஸ் லைக்கர்ட் 1932இல் முன்வைத்த முறையைப் பின்பற்றி "முற்றிலும் உடன்படுகிறேன்" முதல் "முற்றிலும் மறுக்கிறேன்" வரை ஐந்து படிகள் வைக்கலாம். உடன்பாட்டுப் பக்கம் மூன்று, மறுப்புப் பக்கம் ஒன்று என்று தராசைச் சாய்த்துவிடாதீர்கள்.

படி 4: யாரிடம் கேட்கப்போகிறீர்கள்?

1936 அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்றது. லாண்டன் வெல்வார் என்றது. ஆனால் அவரோடு போட்டியிட்ட ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். தொலைபேசி, கார் வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்து பெயர்களை எடுத்ததும், பதில் அனுப்பியவர்கள் அனுப்பாதவர்களிலிருந்து வேறுபட்டிருந்ததும் அதைக் கவிழ்த்தன. நண்பர்கள் குழுவில் மட்டும் கேட்டால் அதை ஆய்வறிக்கையில் மறைக்காமல் எழுதுங்கள். முடிவை எல்லா மாணவர்களுக்கும் நீட்டாதீர்கள்.

படி 5: நெறிக்குழு ஒப்புதல்

வழிகாட்டிப் பேராசிரியரிடம் காட்டி, பல்கலைக்கழக நெறிக்குழுவின் (ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராதா என்று பார்க்கும் குழு) ஒப்புதலைப் பெற்ற பிறகே தரவு சேகரியுங்கள். படிவத்தின் முதல் பக்கத்தில் ஆய்வின் நோக்கம், பிடிக்கும் நேரம், பாதியில் விலகும் உரிமை, பதில்களை யார் பார்ப்பார்கள் என்பன எளிய மொழியில் இருக்கட்டும். பெயர் தேவையில்லை என்றால் கேட்கவே வேண்டாம்.

படி 6: முன்னோட்டம்

பலர் தாண்டிக் குதிக்கும் படி இது. என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பயனுள்ளது. நான்கைந்து பேரைத் தனித்தனியே உட்காரவைத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லியபடி படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள். நீங்கள் விளக்கம் தராதீர்கள். குறிப்பு மட்டும் எடுங்கள்.

"எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள்?" என்ற இடத்தில் ஒருவர் தயங்குவார். "படுத்ததா, கண் அயர்ந்ததா? பதினொன்றுக்குப் படுத்தேன், தூக்கம் ஒரு மணிக்குத்தான் வந்தது" என்பார். நன்றாகத் திருத்திவிட்டோம் என்று நினைத்த கேள்வியிலேயே இரண்டு மணி நேர ஓட்டை! பிட்ஸ்பர்க் அளவுகோல் படுத்த நேரத்தையும் தூக்கம் வர எடுத்த நிமிடங்களையும் தனித்தனியாகக் கேட்பதன் காரணம் இப்போது புரியும். தயக்கம் வந்த ஒவ்வொரு கேள்வியையும் திருத்தி, புதிய ஒருவரிடம் மறுபடி சோதியுங்கள்.

கேள்விகள் மாறிவிட்டதால் முன்னோட்டப் பதில்களை இறுதித் தரவோடு கலக்க வேண்டாம். எந்தக் கேள்வியை எதனோடு ஒப்பிடுவீர்கள், அரைகுறைப் பதில்களை எப்படிக் கையாள்வீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதித் தேதியிட்டு வழிகாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். திருத்திய கேள்விகள் நெறிக்குழுவிடம் காட்டியதிலிருந்து மாறியிருந்தால் அவர்களுக்கும் தெரிவியுங்கள். இவை முடிந்த பிறகு இணைப்பை அனுப்பலாம்.