இரண்டு பேர் பார்த்தால் ஒரே புள்ளி வருகிறதா? அசைவுப் பரிசோதனையைச் சரிபார்க்கும் முறை

வன்னிப் பக்கத்தில் உடற்கல்வி எடுக்கிற ஆசிரியர்களுக்கும், கழகங்களில் பெடியளைப் பழக்குகிற ஆட்களுக்கும் இதை எழுதுகிறேன். கிரே குக், லீ பர்ட்டன் கொண்டுவந்த எஃப்எம்எஸ் (உடம்பு எப்படி அசைகிறது என்று பார்த்துப் புள்ளி போடும் பரிசோதனை) உங்களுக்குத் தெரிந்திருக்கும்: 7 அசைவுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 21, வலி வந்தால் 0. ஆனால் ஒரே பிள்ளைக்கு நீங்கள் 3 போட, பக்கத்தில் நிற்கிற சேர் 2 போட்டால் என்ன செய்வது? இதைத் தீர்க்காமல் "பிள்ளை முன்னேறிவிட்டது" என்று பெற்றோரிடம் சொல்லக்கூடாது. முன்னேறியது பிள்ளையா, புள்ளி போட்ட ஆள் மாறியதா என்று தெரியாதே.

படி 1: இடம். சீமெந்துத் தரை வேண்டும். எங்கள் மைதானங்கள் பல மணல், குதிக்கால் புதைந்துவிடும், பிறகு குதி எழும்பியதா இல்லையா என்று சொல்லவே முடியாது. எல்லாப் பிள்ளைகளும் வெறுங்கால், அல்லது எல்லாரும் சப்பாத்து. கலக்க வேண்டாம். பரிசோதனையில் பிடிக்கிற தடிக்கு எஸ்லோன் பைப் போதும், காசு கொடுத்து எஃப்எம்எஸ் உபகரணப் பெட்டி வாங்கத் தேவையில்லை.

படி 2: விதிகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் வைத்திருங்கள். தோள் அசைவில் சண்டை வராது, நாடா பிடித்து அளப்பதுதானே: ஒரு கையை மேலிருந்தும் மற்றதைக் கீழிருந்தும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகும்போது, பொத்திய இரண்டு கைகளுக்கும் இடைவெளி ஒரு கை நீளத்துக்குள் (மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை) என்றால் 3, ஒன்றரைக்குள் என்றால் 2, அதற்கும் மேல் 1.

தலைவலி ஆழக் குந்துவதில்தான். பைப்பைத் தலைக்கு மேல் நீட்டிப் பிடித்துக் குந்தும்போது தொடை கிடைமட்டத்துக்குக் கீழே போக வேண்டும், முழங்கால் பாதத்துக்கு நேரே நிற்க வேண்டும், மேலுடம்பு கீழ்க்காலுக்கு இணையாகவாவது இருக்க வேண்டும், பைப் பாதத்தைத் தாண்டி முன்னுக்குப் போகக்கூடாது. எல்லாம் சரி என்றால் 3. குதிக்குக் கீழே பலகை வைத்தால்தான் சரிவருகிறது என்றால் 2. முன்னால் நிற்கிறவருக்கு முழங்கால் உள்ளே சாய்வது தெரியும், தொடை எவ்வளவு இறங்கியது என்பது தெரியாது. பக்கத்தில் நிற்கிறவருக்கு அப்படியே மறுபக்கம். அதனால் இரண்டு பேரும் சேர்ந்தே இடம் மாறுங்கள், ஒரு தடவை முன்னால், அடுத்த தடவை பக்கத்தில் (3 தடவை வரை செய்ய விடலாம்). தொளதொள ரக் பொட்டம் போட்டு வந்தால் தொடை தெரியாது, அதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

படி 3: தனித்தனித் தாள், தனித்தனிப் புள்ளி. முடியும்வரை வாய் திறக்கக்கூடாது, "அட" என்று ஒரு சத்தம்கூட வேண்டாம். ஓட்டக்காரப் பிள்ளைகளை மட்டும் எடுக்காமல் கலந்து எடுங்கள்.

படி 4: கணக்கு. மொத்தப் புள்ளியை ஒப்பிட்டுத் திருப்திப்படாதீர்கள். இரண்டு பேரும் 14 போட்டிருக்கலாம், ஆனால் எந்த அசைவுக்கு எவ்வளவு என்று பார்த்தால் பாதி பொருந்தாது. அசைவு அசைவாகப் பாருங்கள்.

20 பிள்ளைகளின் குந்துதலை வைத்துக்கொள்வோம். இருவரும் 3 போட்டது 3 பேருக்கு, இருவரும் 2 போட்டது 9, இருவரும் 1 போட்டது 2. ஒத்தது 14, அதாவது 0.70. நல்லாத்தான் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் கொஞ்சம் ஒத்துவரும், அதைக் கழிக்க வேண்டும். முதலாமவர் மொத்தமாக 3-ஐ 7 பேருக்கும், 2-ஐ 10 பேருக்கும், 1-ஐ 3 பேருக்கும் போட்டார். மற்றவர் அதே வரிசையில் 3, 14, 3. தற்செயலாக ஒத்துவரக்கூடியது (7×3 + 10×14 + 3×3) ÷ 400 (அதாவது 20×20) = 0.425. அதைக் கழித்துவிட்டு இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று காட்டும் அளவுதான் கப்பா: (0.70 − 0.425) ÷ (1 − 0.425) = 0.48. லாண்டிஸ், கோக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1977-இல் கப்பாவுக்குக் கொடுத்த அளவுகோலில் 0.41 முதல் 0.60 வரை நடுத்தரம்தான்.

மிச்சம் 6 பிள்ளைகளில் 4 பேருக்கு முதலாமவர் 3, மற்றவர் 2. அதாவது ஒருவர் தாராளம். அந்த 4 பேரையும் திரும்பக் குந்தவைத்து, எந்த விதியில் பிரிந்தீர்கள் என்று பேசி, தாளைத் திருத்தி, வேறு பிள்ளைகளில் மறுபடி பாருங்கள்.

3-க்கும் 1-க்கும் உள்ள வேறுபாடு 3-க்கும் 2-க்கும் உள்ளதைவிடப் பெரியது, ஆகவே பெரிய வேறுபாட்டைக் கூடுதலாக எண்ணும் நிறையிட்ட கப்பாதான் பொருத்தம். அதைக் கையால் போட்டுக் கஷ்டப்படாமல் ஜாஸ்ப் (JASP) என்ற புள்ளிவிவர மென்பொருளை இறக்குங்கள், இலவசம், காசு கொடுத்து வாங்கும் எஸ்பிஎஸ்எஸ் (SPSS) மென்பொருள் தேவையே இல்லை.

பின்சேர்க்கை: மூன்று பேர் புள்ளி போட்டால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். மேலே போட்ட கப்பா இரண்டு பேருக்குத்தான்; மூன்று பேருக்கு ஃபிளைஸ் கப்பா, அதுவும் ஜாஸ்பில் இருக்கிறது. போனில் வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாமா என்பது அடுத்த கேள்வி. பழகுவதற்கு நல்லது. ஆனால் அப்படி வந்த கப்பா வீடியோவுக்குத்தான் பொருந்தும், மைதானத்தில் நேரே பார்த்துப் போடப் போகிறீர்கள் என்றால் நேரே பார்த்தே சரிபாருங்கள்.