வீட்டில் செபிக்கும் பிள்ளை விசுவாசத்தைக் கற்கும்

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன், வீட்டில் மூன்று பிள்ளைகளுக்குத் தாய். "பிள்ளைக்கு விசுவாசத்தைச் சொல்லிக்கொடுக்க எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்று பெற்றோர் கேட்கும்போது, புத்தகத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் இன்று இரவு பிள்ளையோடு உட்கார்ந்து செபியுங்கள் என்றுதான் சொல்வேன். திருச்சபை எதை விசுவசிக்கிறதோ அதையே செபிக்கிறது. அந்தச் செபத்தில் பழகிய பிள்ளைக்குப் பாடம் எளிதாகப் புரியும். செபமே அறியாத பிள்ளைக்கு அது வெறும் கேள்வி பதிலாகவே நின்றுவிடும். 1964இல் கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தது. பிள்ளைகளுக்கு விசுவாசத்தை முதலில் அறிவிக்க வேண்டியவர்கள் பெற்றோரே என்றும் சொன்னது.

வீட்டில் ஓர் இடத்தைச் செபத்துக்கென்று ஒதுக்குங்கள். இயேசு சிலுவையில் இருக்கும் பாடுபட்ட சுரூபம், விவிலியம், மாதா படம், ஒரு மெழுகுதிரி இருந்தால் போதும். பிள்ளையின் கண் உயரத்துக்கு வையுங்கள். எட்டாத உயரத்தில் இருக்கும் சுரூபத்தைச் சிறு பிள்ளை கவனிப்பதே இல்லை. கீழே விரிக்கும் துணியைத் திருவழிபாட்டுக் காலத்துக்கு ஏற்ப மாற்றலாம். கிறிஸ்து பிறப்புக்கு முன்வரும் திருவருகைக் காலத்துக்கும் பாஸ்காவுக்கு (ஈஸ்டர்) முன்வரும் தவக்காலத்துக்கும் ஊதா, கிறிஸ்து பிறப்பு, பாஸ்கா காலங்களுக்கு வெள்ளை, பெந்தக்கோஸ்துக்குச் சிவப்பு, பொதுக்காலத்துக்குப் பச்சை. துணியை மாற்றும் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள். கோயிலில் குருவானவரின் உடையில் அதே நிறத்தைப் பார்த்ததும் அது உங்கள் கையைப் பிடித்து இழுத்துக் காட்டும்.

இரவு செபம் குறுகியதாக இருக்கட்டும். சிலுவை அடையாளத்தை அவசரப்படாமல், நெற்றி, நெஞ்சு, தோள்கள் என்று கை உண்மையிலேயே தொடும்படி வரையுங்கள். தந்தை, மகன், தூய ஆவியார் என்ற மூவொரு இறைவனைப் பிள்ளை முதலில் கற்பது அங்கேதான். அப்புறம் கர்த்தர் கற்பித்த செபம், அருள் நிறைந்த மரியே. அன்று எதற்காக நன்றி, எதற்காக மன்னிப்பு, யாருக்காக மன்றாட்டு என்று ஒவ்வொருவரும் ஒரு வரி சொல்லட்டும். பெரியவர்களும் மன்னிப்பு கேட்கும் வரியை விட்டுவிடக் கூடாது. முடிவில் பிள்ளையின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை வரைந்து ஆசீர்வதியுங்கள். கை கூப்பவில்லை, நெளிகிறது என்று அதட்ட வேண்டாம்; நீங்கள் முழங்காலில் இருப்பதை அது பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

ஞாயிறு திருப்பலிக்கான தயாரிப்பைச் சனி இரவே தொடங்குவது நல்லது. மறுநாள் நற்செய்தியை உரக்க வாசியுங்கள். ஞாயிறு வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் முதலாம் ஆண்டு மத்தேயு, அடுத்து மாற்கு, அப்புறம் லூக்கா. யோவானைத் தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் அதிகம் கேட்கலாம். "இயேசு யாரைப் பார்த்தார்? என்ன செய்தார்?" என்று கேட்டால் போதும். நற்செய்திக்கு முன் நெற்றி, உதடு, நெஞ்சில் சிறு சிலுவை வரைவதையும், "ஆண்டவரே, உமக்கு மகிமை" என்ற பதிலையும் வீட்டிலேயே பழக்குங்கள். தன்னால் பதில் சொல்ல முடிகிறது என்று தெரிந்த பிள்ளைக்குத் திருப்பலி அந்நியமாக இருக்காது.

கோயிலில் பீடம் தெரியும் இடத்தில் உட்காருங்கள். பின்வரிசையில் பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் முன்னால் இருப்பவரின் முதுகுதான். குருவானவர் நற்கருணை அப்பத்தை உயர்த்தும்போது, "இயேசு வந்திருக்கிறார், பார்" என்று காதில் சொல்லுங்கள். வேறு விளக்கம் அந்த நேரத்தில் வேண்டாம். 1910இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் புதுநன்மைக்கான, அதாவது முதன்முறை நற்கருணை வாங்குவதற்கான வயதை ஏறத்தாழ 7 ஆக்கியபோது, நற்கருணையைச் சாதாரண அப்பத்திலிருந்து பிரித்தறியும் அறிவையே முக்கியமாக எதிர்பார்த்தார். அந்த அறிவு உங்கள் முகத்திலிருந்தும் நீங்கள் மண்டியிடும் விதத்திலிருந்தும் பிள்ளைக்குக் கிடைக்கிறது. வீட்டுக்கு வந்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பூசை வைத்து விளையாடினால் தடுக்காதீர்கள், அது கேலி அல்ல. பார்த்ததைத் தன் கையால் செய்துபார்க்கிறது.

செபமாலையைச் சிறியவர்களோடு பத்து மணிகள் மட்டும் சொன்னாலும் சரி. மறைபொருளுக்கு, அதாவது அப்போது தியானிக்கும் நிகழ்ச்சிக்கு ஏற்ற ஒரு படத்தை முன்னால் வைத்து, ஒவ்வொரு மணியையும் ஒருவராக மாறி மாறிச் சொல்லுங்கள். 2002இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தந்த ஒளியின் மறைபொருள்கள் பிள்ளைகளுக்கு மிகவும் ஏற்றவை. கானாவூர்த் திருமணமும் தாபோர் மலையும் அவர்கள் மனதில் நன்றாகப் பதியும்.

ஆண்டு முழுவதும் திருச்சபையே நமக்குப் பாடத்திட்டம் தருகிறது. திருவருகைக் கால வளையத்தில் நான்கு திரிகள், வாரம் ஒன்றாக ஏற்றலாம், மூன்றாவது இளஞ்சிவப்பு. குடிலில் குழந்தை இயேசுவைக் கிறிஸ்து பிறப்பு இரவு வரை வைக்காதீர்கள், காத்திருப்பது என்ன என்று பிள்ளைக்குத் தெரியட்டும். தவக்காலத்தில் திருச்சபை அல்லேலூயா பாடுவதில்லை. அந்தச் சொல்லை ஒரு தாளில் பெரிதாக எழுதச் சொல்லி எடுத்து வையுங்கள், பாஸ்கா இரவில் வெளியே எடுத்துச் சத்தமாகப் பாடுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது திருமுழுக்கு நாள். சான்றிதழில் தேதியைப் பார்த்துக் குறித்துவைத்து, அன்று, திருமுழுக்கில் கொடுத்த அந்தத் திரியையே ஏற்றி, குடும்பமாகத் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பியுங்கள். பிறந்தநாளுக்குக் குறையாத கொண்டாட்டமாக அது இருக்க வேண்டும்.

"சின்ன அப்பத்தில் இயேசு எப்படி இருக்க முடியும்?" போன்ற கேள்விகள் வரும். பார்ப்பதற்கு அப்பம் போலத்தான் இருக்கும், ஆனால் உண்மையில் இருப்பது இயேசு. அவரே அப்படிச் சொன்னார், நாம் நம்புகிறோம் என்று நேராகச் சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால் பிள்ளையையே அழைத்துப்போய்ப் பங்குத்தந்தையிடம் கேட்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: செபத்தை ஒருபோதும் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். பாவசங்கீர்த்தனத்தையும் (குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிடும் ஒப்புரவு) "போய்ச் சொல், சாமியார் திட்டுவார்" என்று பயமுறுத்தும் கருவியாக்க வேண்டாம். நீங்கள் வரிசையில் நின்று ஒப்புரவு பெற்று, நிம்மதியோடு திரும்புவதைப் பிள்ளை பார்க்கட்டும்.

பதின்வயதில் சிலர் "எனக்கு வேண்டாம்" என்பார்கள். செப நேரத்தை நிறுத்தாதீர்கள், சண்டையும் போடாதீர்கள். வாசகத்தை நீ வாசி, பாட்டை நீ தேர்ந்தெடு, மன்றாட்டை உன் சொல்லில் சொல் என்று பொறுப்பைக் கொடுங்கள். அதற்கும் வரவில்லை என்றால், மீதிப் பேர் திரியை ஏற்றி வழக்கம்போலத் தொடங்குங்கள். அன்றைய மன்றாட்டில் வராத பிள்ளையின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.