அம்பாசிடர் ஆசையை விடுங்கள், ஹட்டனில் நிற்கிற ஒஸ்டினைப் பாருங்கள்

தமிழ்நாட்டுக்குக் கோயில் குளம் என்று போய்வருகிற நம்ம ஆட்கள் திரும்பி வந்ததும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. அங்கே அம்பாசிடர் கார் சும்மா நிற்கிறது, கேட்டால் கொடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது, ஒன்றைக் கப்பலில் போட்டுக் கொழும்பில் இறக்கி நம்பர் போட முடியாதா?

சாதாரண ஆளுக்கு முடியாது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிட்டார்கள், சரி. ஆனால் பாவித்த கார் என்றால் செய்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. அம்பாசிடர் கம்பனி கதவை மூடியதே 2014இல். இல்லை, எனக்கு விசேஷ அனுமதி கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்துக்கு எழுதிப்போட்டு, பதில் கடிதமாகக் கையில் வந்த பிறகு மட்டும் அங்கே முற்பணம் கொடுங்கள். "முதலில் அனுப்புவோம், துறைமுகத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிற ஏஜென்ட் யாராவது மாட்டினால் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள், ஏனென்றால் கார் துறைமுகத்தில் நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை கட்டப்போவது அவர் இல்லை. கார்னே என்ற பத்திரத்தில் வெளிநாட்டுக் கார் உள்ளே வரலாம், அது சுற்றுலாவுக்கு. திரும்பிப் போயே ஆக வேண்டும், விற்க முடியாது. 2023இல் தொடங்கிய நாகப்பட்டினம் காங்கேசன்துறைக் கப்பலும் ஆட்களைத்தான் ஏற்றுகிறது.

அதனால் நான் சொல்கிற வழி வேறு. காரை இங்கே வாங்குங்கள், சாமானை அங்கேயிருந்து எடுங்கள்.

மலையகத்தில் பழைய காருக்குப் பஞ்சமே இல்லை. துரைமார் விட்டுப்போனது, டவுன் ஸ்டாண்டில் ஹயருக்கு ஓடினது, கல்யாணக் காராக மாறினது என்று மொறிஸ் மைனர், ஒஸ்டின், ஹில்மன், பீஜோ எல்லாம் ஏதோ ஒரு தகரக் கொட்டகைக்குள் நிற்கிறது. தோட்டங்களில் ஓடிய பழைய லேண்ட்ரோவரும் உண்டு. அதன் பாடி அலுமினியம், பார்க்கப் பளபளவென்று இருக்கும், கீழே சேசிஸ் இரும்பு, அதைச் சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். இங்கே மூடுபனியும் மழையும் வருடம் முழுக்க வேலை செய்கிறது. நுவரெலியாவில் இருபது வருடம் நின்ற காரின் அடிப்பக்கம் பிஸ்கட் மாதிரி இருக்கும். மொறிஸ் மைனர் என்றால் பின் ஸ்பிரிங் பொருத்துகிற இடத்தையும் முன் சீட்டுக்கு அடியில் குறுக்கே ஓடுகிற இரும்புப் பட்டையையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் தகடு தட்டுகிற டிங்கர் பாஸுக்குக் கொடுக்கப்போகிற சல்லியையும் விலையில் கழித்துவிட்டுப் பேசுங்கள். முன் சக்கரத்தைத் தாங்கித் திருப்புகிற ட்ரனியன் மூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காத மைனரில் ஒருநாள் சக்கரம் மடிந்து உட்கார்ந்துவிடும். பெரும்பாலும் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதுதான் அது நடக்கும்.

ஆனால் இரும்பைத் திருத்தலாம், பேப்பரைத் திருத்துவதுதான் பாடு. என் முதல் ஒஸ்டின் ஏ55 பண்டாரவளைப் பக்கம் கிடைத்தது, ஓப்பன் பேப்பரில். அதாவது கையெழுத்துப் போட்ட படிவம், வாங்குகிறவர் பெயர் எழுதுகிற இடம் காலி. விற்றவர் நாலாவது கை. பத்திரத்தில் பெயர் இருக்கிற பெரியவர் எப்போதோ இறந்துவிட்டார் என்பது காசு கொடுத்து இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும். பிள்ளைகள் மூன்று பேர், மூன்று இடத்தில். எல்லோரையும் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க இரண்டரை வருடம் ஆனது, அதற்குள் டாப்போலினுக்கு அடியில் எலி சீட்டைத் தின்று முடித்து வயருக்கு வந்திருந்தது. விற்றவரைக் குறை சொல்லி என்ன, அவரும் அப்படித்தான் வாங்கியிருக்கிறார்.

ஆகவே காரைப் பார்க்கப் போகும் முன்னே இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் சிறு தொகை கட்டினால் அந்த இலக்கம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கலாம். அந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா, உங்கள் முன்னால் வந்து கையெழுத்துப் போடுவாரா என்பதுதான் முதல் கேள்வி, என்ஜின் சத்தம் எல்லாம் அப்புறம். அப்புறம் பொனட்டைத் திறந்து, என்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே இருக்கிற தடுப்பில் உள்ள சேசிஸ் இலக்கத் தகட்டைத் துணியால் துடைத்து, பதிவுப் புத்தகத்தில் இருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். தகடு அறுபது வருடப் பழசு, அதைப் பிடித்திருக்கிற ஆணி மட்டும் புதுசாக மின்னுகிறது என்றால் வீட்டுக்குப் போய்விடுங்கள். என்ஜின் இலக்கமும் அப்படித்தான். இங்கே நிறையக் கார்களில் ஜப்பான் டீசல் என்ஜினைத் தூக்கிப் போட்டிருப்பார்கள், புத்தகத்தில் மட்டும் இன்னும் பெற்றோல். மாற்றியதைத் திணைக்களத்தில் பதிந்திருந்தால் பரவாயில்லை. பதியாவிட்டால் அதைப் பதிந்து கொடுத்தால்தான் மிச்சக் காசு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள்.

இலக்கத் தகட்டுக்கும் விலை இருக்கிறது. சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்களை இரண்டு இரண்டாகக் கோத்த இ.எல்., இ.என்., சி.வை. போன்ற தகடுகள் மூத்தவை, அதற்குப் பிறகு சிங்கள ஸ்ரீ. இந்த ஒரு எழுத்துக்கு எதிராக 1957, 58இல் வடக்கிலும் மலையகத்திலும் எவ்வளவு போராட்டம் நடந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். இன்று அதே ஸ்ரீ இருந்தால் நம்ம ஆட்களே கூடக் காசு கொடுக்கிறார்கள்!

பெயர் மாற்றத்துக்கு எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 என்று இரண்டு படிவம். ஒன்று வாங்குகிறவர் விண்ணப்பம், மற்றது விற்றதாக விற்றவர் கொடுக்கிற அறிவித்தல். கை மாறி 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். மூலப் பதிவுச் சான்றிதழ், இரண்டு பேரின் அடையாள அட்டைப் பிரதி எல்லாம் எடுத்துக்கொண்டு நாரஹேன்பிட்டத் தலைமையகத்துக்குப் போங்கள். வேரஹெரவில் போய் நிற்காதீர்கள், அது சாரதி அனுமதிப்பத்திர வேலைக்கு. ஹட்டனிலிருந்து விடியற்காலை பஸ் ஏறுகிறவர்கள் ஒவ்வொரு பேப்பரிலும் இரண்டு பிரதி கூடுதலாக வைத்துக்கொண்டால் அங்கே போட்டோகொப்பிக் கடை வரிசை மிச்சம். வருடா வருடம் எடுக்கிற வருமான அனுமதிப்பத்திரம் பிரதேச செயலகத்தில். காப்புறுதியும் புகைச் சான்றிதழும் இருந்தால் கொடுப்பார்கள். பல வருடம் ஓடாமல் நின்ற காருக்குப் பழைய பாக்கி எவ்வளவு என்று விலை பேசும் முன்னே அங்கே கேட்டுவிடுங்கள்.

இப்போது இந்தியாவுக்கு வருவோம். அம்பாசிடர் என்பது மொறிஸ் ஒக்ஸ்போர்டின் மறுபிறப்பு, அதன் பழைய 1489 சிசி பெற்றோல் என்ஜின்தான் ஒஸ்டின் ஏ50, ஏ55 கேம்பிரிட்ஜிலும் இருக்கிறது. ஆகவே ரிங், பெயரிங், வால்வ், கேஸ்கட் எல்லாம் சென்னையில் தேடலாம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதுச் சாமான், புதுப்பேட்டையில் கழற்றின சாமான். கடையில் வெறுமனே அம்பாசிடர் என்று கேட்டால் பிறகு வந்த ஐசுசு என்ஜின் சாமானைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள், பழைய பிரிட்டிஷ் என்ஜினான பி.எம்.சி. பெற்றோல் என்று அழுத்திச் சொல்லுங்கள், முடிந்தால் பழைய சாமானையே கையில் கொண்டுபோங்கள். ஃபியட் 1100 வைத்திருக்கிறவர்களுக்குப் பத்மினிக் காரின் சாமான், ட்ரையம்ப் ஹெரல்டுக்குச் சென்னையிலேயே செய்த ஸ்டாண்டர்ட் ஹெரல்டின் சாமான். மைனர் 1000 என்ஜின் வேறு வகை, அதற்கு இது உதவாது. ஆனால் மைனரின் பாடித் தகடுகளை நம்ம நாட்டிலேயே, காலிப் பக்கத்தில் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள், அதனால் அதைத் தட்டத் தெரிந்த கைகள் இங்கேயே உண்டு. சென்னையில் வாங்கின பில்லைப் பத்திரமாக வைத்திருந்து சுங்கத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பாவித்த கார்ப்ரேட்டரைப் பெட்டியில் போடாதீர்கள். நான் எண்ணெய் எல்லாம் துடைத்துத்தான் வைத்தேன், பெற்றோல் வாசம் விடவில்லை, விமான நிலையத்தில் எடுத்துவிட்டார்கள்.

கொழும்பில் ட்யூன் பண்ணின காரை நுவரெலியாவுக்கு ஏற்றினால் கறுப்புப் புகை தள்ளும். 1868 மீட்டரில் காற்று லேசு, பெற்றோல் மட்டும் அதே அளவு போகிறது. எஸ்.யு. வகைக் கார்ப்ரேட்டர் என்றால் அடியில் இருக்கிற நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மேல்பக்கம் திருகிக் கலவையில் பெற்றோலைக் குறையுங்கள், புகைப் பரிசோதனைக்கும் அது நல்லது. பேட்டரி மாட்டும்போது கவனம், இந்தக் கார்களில் பலவற்றுக்குப் பொசிட்டிவ்தான் பாடிக்குப் போகும். பழகின பாஸாக இருந்தாலும் பக்கத்தில் நின்று பாருங்கள்.

வாங்கின அன்றைக்கே ரம்பொடை இறக்கத்தில் ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியரில் வாருங்கள். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், காலை வைத்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். வாசம் வந்தால் ஏதாவது தேத்தண்ணிக் கடையோரம் நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள், தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், டிரம் விரிசல் விட்டுவிடும்.