பத்து ஓட்டை யாருக்குப் போடுவது?

ஹைவ், ஸ்டீமிட் மாதிரி, பதிவுக்கு விழும் ஓட்டைப் பொறுத்து கிரிப்டோ பணம் தரும் வலைப்பதிவுத் தளங்களுக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எவ்வளவு கிடைக்கும்?" என்றுதான். நான் ஓட்டுக் கணக்கிலிருந்து ஆரம்பிப்பேன்.

ஒரு முழு ஓட்டுக்கு உங்கள் ஓட்டுச் சக்தியில் 2 சதவீதம் குறையும். ஒரு நாளில் 20 சதவீதம் திரும்ப ஏறும். ஆக, தினம் 10 முழு ஓட்டு. பதிவு போட்டு 7 நாள் கழித்துப் பட்டுவாடா: எழுதியவருக்குப் பாதி, ஓட்டுப் போட்டவர்களுக்குப் பாதி. 2019 ஆகஸ்டு வரை ஸ்டீமிட்டில் எழுதியவருக்கு 75 சதவீதம் போனது. இப்போது படிப்பதற்கும் பாதிக் கூலி உண்டு, அதனால் படிக்காமல் ஓட்டுப் போடுவது வேலை செய்யாமல் கூலி வாங்குவதுதான். அதுவும் எல்லாருக்கும் பொதுவான ஒரே நிதியிலிருந்து. ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறையும்.

நான் முதலில் திறப்பது 'புதியவை' பக்கம். டிரெண்டிங்கில் இருப்பவர்களுக்கு என் ஓட்டு தேவையில்லை. ஒருமுறை தையல் மெஷினில் நூல் சிக்குவதைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். நிறையப் பிழை, படத்தின் ஓரத்தில் அவருடைய கட்டைவிரலே மங்கலாக விழுந்திருந்தது. பாபினைத் தலைகீழாகப் போட்டு இரண்டு நாள் திண்டாடிய கதை. முழு ஓட்டு போட்டேன்.

வழவழவென்று இருக்கும் கட்டுரை என்றால் சந்தேகம் வரும். நடுவிலிருந்து ஒரு வரியை எடுத்து, மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடுங்கள். முதல் வரி வேண்டாம், திருடுபவர்கள் அதை மட்டும் மாற்றிவிடுவார்கள். அதே வரி வேறெங்காவது கிடைத்தால் உடனே டவுன்வோட் (எதிர் ஓட்டு) போடாதீர்கள். நான் அப்படிப் போட்டு அசிங்கப்பட்டிருக்கிறேன்: அது அவருடைய சொந்தப் பழைய வலைப்பூ! ஓட்டைத் திரும்ப எடுத்து மன்னிப்புக் கேட்டேன். இப்போதெல்லாம் முதலில் கமெண்டில் கேட்டுவிடுவது.

அப்புறம் இந்த 'நீ எனக்கு, நான் உனக்கு' என்று ஓட்டு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. ஆரம்பத்தில் நானும் ஒருவரோடு சில மாதம் செய்தேன். பதிவு என்றால் மூன்று வரி, ஒரு சூரிய அஸ்தமனப் படம். வருமானம் வந்தது, ஒரு கமெண்ட் வரவில்லை. அவரிடம் சொல்லிவிட்டு நிறுத்தினேன். கொஞ்ச நாள் கோபமாக இருந்தார், சரி.

"அருமையான பதிவு" என்று இருபது இடத்தில் ஒட்டுவதும் இந்த வகைதான். ஒரு கேள்வி கேளுங்கள். தையல் மெஷின்காரரிடம் எந்த ஊசி என்று கேட்டேன். பதில் அவர் பதிவைவிட நீளமாக வந்தது. அந்தக் கமெண்டுக்கும் ஒரு ஓட்டு.

உங்கள் பதிவில் வேறொருவர் உழைப்பு இருந்தால், நன்றி சொல்வதோடு விடாமல் பெனிஃபிஷியரி அமைப்பில் அவருக்கும் பங்கு வையுங்கள். வெளியிடும்போதே செய்துவிட வேண்டும், முதல் ஓட்டு விழுந்துவிட்டால் சேர்க்க முடியாது. இரவில் இரண்டு ஓட்டு மிச்சமிருந்தால் இருக்கட்டும், தீர்க்க வேண்டுமென்று யாருக்கோ போடாதீர்கள்.